கேட்டில் ஒட்டுகிற முகம்

உங்கள் ஊரில் வயசான மனுஷனை எப்போது படம் எடுப்பார்கள்? கல்யாணத்துக்கா, கோயிலுக்குப் போனாலா, இல்லை சும்மா டீ குடித்துக்கொண்டிருக்கும்போதா?

சுஹாவெர்பாவில் அதெல்லாம் கிடையாது. டான்யூப் ஆற்றிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, சோளக்காட்டுக்கும் சூரியகாந்திக் காட்டுக்கும் நடுவே கிடக்கிற ஊர் அது. சின்னவர்கள் எல்லாம் ஸ்பெயினுக்கும் ஜெர்மனிக்கும் போய்விட்டார்கள். படம் எடுத்துக்கொள்வது அவர்கள் வேலை. ஊரில் மிஞ்சியவர்களுக்கு ஒரு படம் போதும். ஒரு வெள்ளைத் தாள், சுற்றிலும் கறுப்புக் கோடு, நடுவில் முகம், மேலே பேர், கீழே வயசு. ஆள் செத்துப் போனதும் அதை வீட்டு கேட்டில் ஒட்டுவார்கள். பஸ் நிறுத்தத்தில் ஒன்று, ரொட்டிக் கடைக் கதவில் ஒன்று, கரண்டுக் கம்பத்தில் ஒன்று. நாற்பதாம் நாளுக்குப் புதுசு, ஆறு மாசத்துக்குப் புதுசு, வருஷத்துக்குப் புதுசு. பழசு மழையில் கிழிவதற்குள் அடுத்தது வந்துவிடும். அந்த ஊரில் ரொட்டி வாங்கப் போகிறவன் வழியில் இருக்கிறவர்களைவிட இல்லாதவர்களைத்தான் அதிகம் பார்ப்பான்.

நெத்யால்காவுக்கு இந்த நோட்டீஸ் முகங்கள் நன்றாகப் பழக்கம். பாதிப் பேரை எடுத்ததே அவள்தான். தையல் ஃபேக்டரியை மூடிய பிறகு வீட்டில் சும்மா இருந்தவளுக்கு வலென்சியாவில் இருக்கும் மகள் ஒரு பழைய கேமராவை அனுப்பினாள். பக்கத்து டவுன் நூலகத்தில் புகைப்பட வகுப்பு ஒன்று ஆரம்பித்தார்கள். பாடம் சொல்கிற யாசெனா டீச்சர் தலைநகரத்தில் இருப்பவர். மாணவர்கள் வீட்டுப்பாடமாக எடுத்த படங்களை அனுப்ப வேண்டும். டீச்சர் பார்த்துவிட்டு, தன் கருத்தைப் பேசிப் பதிவு பண்ணி போனுக்கு அனுப்புவார். நெத்யால்கா சேர்ந்தாள். ஐம்பத்தேழு வயசில் முதுகுப்பை மாட்டிக்கொண்டு டவுனுக்குப் போனபோது ரொட்டிக் கடைக்காரி சிரித்தாள். அப்புறம் அதே ரொட்டிக் கடைக்காரி நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து, "நெத்யா, சும்மா ஒண்ணு எடுத்து வையி. எப்பவாச்சும் ஆகும்" என்று சுண்ணாம்புச் சுவரோரம் நின்றாள். அவளுக்குப் பின்னால் ஊரே வந்தது. எல்லாரும் ஒரே மாதிரி நின்றார்கள். உதட்டை மூடி, தாடையைக் கொஞ்சம் தூக்கி, ரொம்ப தூரத்தில் இருக்கிற யாரையோ பார்க்கிற மாதிரி.

அவள் புருஷன் கான்சோ மட்டும் கேமரா பக்கம் வரமாட்டான். கூட்டுறவுப் பண்ணையில் டிராக்டர் ஓட்டியவன். "என் மூஞ்சிய நான் ஷேவ் பண்றப்ப பாத்தா போதும்" என்பான்.

அவன் நெஞ்சில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை என்று கோடையில் கண்டுபிடித்தார்கள். ப்லேவென் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். இந்தக் காலத்தில் இது சாதாரணம் என்று டாக்டர் சொன்னார். கான்சோவும் சாதாரணமாகத்தான் இருந்தான். கூரையில் உடைந்த ஓடுகளை மாற்றச் சொல்லி ஆள் வைத்தான். கிணற்று மோட்டாரைப் பிரித்து எண்ணெய் போட்டான். இரண்டு குளிர்காலத்துக்கு ஆகிற விறகை வரவழைத்து, கிழிக்கவைத்து, ஷெட் நிறைய அடுக்கவைத்தான். "எதுக்கு இம்புட்டு?" என்று நெத்யால்கா கேட்டதற்கு, "விலை ஏறப்போவுது" என்றான்.

வகுப்பில் அந்த வருஷத்தின் மூன்றாவது வீட்டுப்பாடம் வந்தது. 'வீட்டில் இருக்கும் ஒருவர், ஐந்து படங்கள்.' நெத்யால்கா பூனையை எடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது கான்சோ தானாக வந்தான். தம்பி கல்யாணத்துக்குத் தைத்த கறுப்புக் கோட்டு, வெள்ளைச் சட்டை, தண்ணீர் தொட்டுச் சீவிய தலை.

"எடு. படிப்புக்குத்தான, எடுத்துக்க" என்றான்.

அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முப்பத்து நாலு வருஷத்தில் முதல்முறையாக அவள் செய்கிற ஒரு காரியத்துக்கு அவன் துணி மாற்றிக்கொண்டு வந்திருக்கிறான். ஐந்து படம் எடுத்தாள். அன்றைக்கே அனுப்பினாள்.

பதில் வந்தது மிளகாய் சுடுகிற அன்றைக்கு. மறுநாள் காலை பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். அந்த வேலையை இந்த வருஷம் விட்டுவிடலாம் என்று நெத்யால்கா எவ்வளவோ சொன்னாள். கான்சோ கேட்கவில்லை.

"மிளகா பழுத்துருச்சி. அதுக்கு என் வால்வு பத்தி என்ன தெரியும்?" என்றான். "ஜாடி நெறஞ்சி அலமாரில ஏறுறத பாத்துட்டுத்தான் போவேன்."

செப்டம்பர் கடைசி. காலையில் மூடுபனி, பத்து மணிக்கு மேல் சுள்ளென்று வெயில். முற்றத்தில் மூட்டை மூட்டையாக மிளகாய். நீளமாய், சிவப்பாய், காரம் இல்லாத சாதி. திராட்சைக் கொடிப் பந்தலுக்குக் கீழே, மண்பானை உயரத்தில், வாளி மாதிரி இருக்கிற கரண்டு அடுப்பு. அதன் வாயில் மிளகாயைப் போட்டு மூடினால் சட்சட்டென்று தோல் வெடிக்கும்; கறுத்ததும் எடுத்துப் பாத்திரத்தில் போட்டு மூடி, புழுங்கவிட்டு உரிக்க வேண்டும். அந்த வாசனை தெரு முழுக்க நிற்கும். எல்லா வீட்டிலும் அதே வேலை என்பதால் ஊருக்கே அந்த வாரம் ஒரே வாசனை. இன்னொரு பக்கம் விறகடுப்பில் பெரிய கொப்பரை. அதில் தக்காளிச் சாறு சுண்டிக்கொண்டிருந்தது. உரித்த மிளகாயை அரைத்து அதில் கொட்டி, கரண்டியால் இழுத்தால் அடி தெரிகிறவரைக்கும் கிண்ட வேண்டும். குளிர்காலம் முழுக்க ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள அதுதான்.

உரிக்க பக்கத்து வீட்டு பராஷ்கா அக்கா வந்திருந்தாள். புருஷனைப் பறிகொடுத்துப் பல வருஷம் ஆனவள். கை வேகம், வாய் அதைவிட வேகம்.

"டேய் கான்சோ, ஓரமா ஒக்காருடா. கிண்டுறது நீயா நானா? நாளைக்கு ஒன்ன அறுக்கப்போறாங்க, இன்னைக்கே கொப்பரைல விழுந்து வெந்துராத."

"நான் வெந்தா ருசியா இருப்பேன்க்கா."

"எங்க? எலும்பும் கோவமுமா இருக்க. ஒரு ஜாடிக்குத் தேறமாட்ட."

நெத்யால்காவின் போன் பாவாடைப் பையில் ஒலித்தது. கையெல்லாம் மிளகாய்த் தோல். முழங்கையால் துழாவினாள், முடியவில்லை. கான்சோதான் எடுத்தான்.

"ஒங்க டீச்சரு. பேசி அனுப்பியிருக்கா போல."

நெத்யால்காவுக்குப் பள்ளிக்கூடத்தில் பரீட்சைத் தாள் வாங்குகிற நாள் ஞாபகம் வந்தது. "அப்புறம் கேட்டுக்கறேன்" என்றாள்.

"என் மூஞ்சி பத்தித்தான பேச்சு? நானே கேக்கணும்" என்று அவன் போனை ஜன்னல் விளிம்பில் ஒரு காலி ஜாடிமேல் சாய்த்து, சத்தத்தைக் கூட்டி அழுத்தினான்.

யாசெனா டீச்சரின் குரல் முற்றத்தில் பரவியது. சின்ன வயசுக் குரல், கொஞ்சம் சளி பிடித்திருந்தது.

"நெத்யால்கா, வணக்கம். படங்கள் வந்துச்சு, நன்றி. முதல்ல நல்லத சொல்லிடறேன். வெளிச்சம் ரொம்ப நல்லா வந்திருக்கு. போன தடவை சொன்னத ஞாபகம் வச்சு, நிழல் மூக்குமேல விழாம பாத்திருக்கீங்க."

"பாத்தியா, என் மூக்குக்கு ஒரு பாராட்டு" என்றான் கான்சோ.

"ஒன் மூக்குக்கு இல்ல. அது நிழலுல இருந்து தப்பிச்சதுக்கு" என்றாள் பராஷ்கா அக்கா.

"சத்தம் போடாதீங்களேன்" என்றாள் நெத்யால்கா.

"ஆனா," என்றது குரல், "ஒரு விஷயம் எனக்குப் புரியல. அஞ்சு படம். அஞ்சுலயும் அதே வெள்ளைச் சுவர், அதே கோட்டு, அதே மூடின வாய். இவர் உங்க கணவர்னு எழுதியிருக்கீங்க. ஆனா ஒரு படத்துல கூட அவர் உங்களப் பாக்கல. உங்களத் தாண்டி பின்னால யாரையோ பாக்கறாரு. யாரு அவங்க? யாருக்காக இப்படி நிக்கறாரு? நான் அஞ்சையும் மேசைமேல பரப்பி வச்சு ரொம்ப நேரம் பாத்தேன். மன்னிச்சுக்கோங்க, எனக்குத் தோணினத சொல்றேன். இவர் அஞ்சு தடவையும் விடைபெத்துக்கற மாதிரி இருக்கு."

அடுப்பில் மிளகாய் சட்டென்று வெடித்தது. யாரும் எடுக்கவில்லை.

"அஞ்சாவது படத்துல மட்டும் நீங்க கொஞ்சம் பின்னால தள்ளிப் போயிட்டீங்க. தெரியாம காலும் படத்துல விழுந்திருக்கு. அத நல்லா பாருங்க. ஒரு ஷூவோட கயிறு அவுந்திருக்கு. ஒரு கால இன்னொரு காலுக்குப் பின்னால ஒளிச்சு வச்சிருக்காரு, பள்ளிக்கூடத்துல தப்பு பண்ணிட்டு நிக்கற பையன் மாதிரி. எனக்கு இந்த அஞ்சு படத்துலயும் உயிரோட இருக்கறது அந்தக் கால் ஒண்ணுதான். அந்தக் காலுக்குச் சொந்தக்காரரக் கண்டுபிடிச்சு எடுத்து அனுப்புங்க. இந்தப் பாடத்துக்கு இப்போதைக்கு மார்க் போடல. அடுத்ததுக்காகக் காத்திருக்கேன்."

குரல் நின்றது. நெத்யால்காவுக்கு முதலில் வந்தது அவமானம்தான். முகம் சூடாகிவிட்டது. மார்க் போடவில்லையாம். பராஷ்கா அக்கா முன்னால்.

பராஷ்கா அக்கா எழுந்து, ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, "எங்க, அந்தப் படத்தக் காட்டு" என்றாள். போனில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு போனது.

"ஏன்டி நெத்யா, இதுல புரியறதுக்கு என்ன இருக்கு? கேட்டுல ஒட்டுற படம்தான இது. என் வீட்டு ஆளுக்குக்கூட இவ்வளவு நல்லதா கெடைக்கல."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. மிளகாயை எடுக்கத் திரும்பினாள்.

நெத்யால்கா போனை வாங்கிப் பார்த்தாள். ஊரில் அத்தனை பேரை அதே சுவரோரம் நிறுத்தி எடுத்தவள். அந்தத் தாடையும் அந்த உதடும் எதற்கு என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? மற்றவர்கள் வந்து நின்றபோது தெரிந்தது. இவன் வந்து நின்றபோது தெரியவில்லை. பாடத்துக்கு ஒத்தாசை பண்ணுகிறான் என்று பூரித்துப் போய் எடுத்தாள். இப்போது ஓடு, மோட்டார், இரண்டு குளிர்காலத்து விறகு, பழுத்த மிளகாய் எல்லாம் வரிசையாக வந்து அவள் முன்னால் நின்றன.

"கான்சோ" என்றாள்.

அவன் கொப்பரையைக் கிண்டிக்கொண்டிருந்தான்.

"கான்சோ! நீ அதுக்குத்தான் நின்னியா?"

அவன் தலையை இடமும் வலமும் ஆட்டினான். அந்த ஊரில் அப்படி ஆட்டினால் ஆமாம் என்று அர்த்தம்.

"எங்கிட்ட சொல்லணும்னு தோணல?"

"சொன்னா எடுத்திருப்பியா?"

"கேமராவ ஒன் தலையில போட்டிருப்பேன்!"

"அதான் சொல்லல." அவன் கரண்டியை விடவில்லை. "இங்க பாரு நெத்யா. எங்க டிங்கோ அண்ணனுக்கு என்ன ஆச்சு? ஒரு படம் இல்ல. ஏதோ கல்யாணத்துல கூட்டமா நின்னதுலருந்து வெட்டி எடுத்தாங்க. தோள்மேல ஒரு பொம்பள கை. நாலு வெரல், மோதிரத்தோட. யார் கைன்னு இன்னிவரைக்கும் தெரியல. வருஷம் பூரா அந்த நாலு வெரலோட கம்பத்துல தொங்குனான். அண்ணி அந்தப் பக்கமே போகமாட்டா."

பராஷ்கா அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து இருமினாள்.

"எங்கிட்ட லைசென்ஸ் படம் ஒண்ணுதான் இருக்கு" என்றான் கான்சோ. "அதுல ஆடு திருடுனவன் மாதிரி இருக்கேன். நீ அழுதுகிட்டே அதத்தான் தேடி எடுப்ப. அதுக்குத்தான் ஒரு நல்லது இருக்கட்டும்னு..."

"டாக்டர் என்ன சொன்னாரு? சாதாரணம்னு சொன்னாரா இல்லியா?"

"அவருக்குச் சாதாரணம். தினம் பண்றாரு. எனக்கு மொத தடவ."

நெத்யால்கா அடுப்பிலிருந்து மிளகாயை எடுத்தாள். சுட்டது. கீழே போட்டாள். மறுபடி எடுத்தாள். தக்காளி கொப்புளித்துக் கொப்புளித்துத் தெறித்தது. பூனை பாத்திரத்தைச் சுற்றி வந்தது.

"பயமா இருக்கா?" என்று கேட்டாள். மெதுவாகத்தான் கேட்டாள்.

"டிராக்டர் இன்ஜின எத்தன தடவ பிரிச்சிருக்கேன்" என்றான் அவன். "பிரிக்கறதுக்கு முன்னாடி ஆஃப் பண்ணுவோம். பண்ணித்தான ஆகணும். ஆனா நான் பிரிச்ச எல்லாமே திரும்ப ஸ்டார்ட் ஆகல, நெத்யா. ரெண்டு மூணு ஆகல. ஏன் ஆகலன்னும் தெரியல."

அவள் அவன் கையிலிருந்த கரண்டியை வாங்கினாள். "போ. போயி உரி. நின்னது போதும்."

அவன் முக்காலியில் உட்கார்ந்து, அவிந்த மிளகாய் ஒன்றை எடுத்து உரித்தான். நெத்யால்கா கொப்பரையை பராஷ்கா அக்காவிடம் ஒப்படைத்துவிட்டு உள்ளே போனாள். கை கழுவினாள். கேமராவை எடுத்துக்கொண்டு வந்து திராட்சைக் கொடிக்குப் பின்னால் நின்றாள். அவன் பார்த்துவிட்டான். உடனே தாடை மேலே போனது, உதடு மூடிக்கொண்டது.

"இந்தா, வந்துட்டாரு செத்தவரு" என்றாள் பராஷ்கா அக்கா, கிண்டுவதை நிறுத்தாமல். "டேய், ஒரு ரகசியம் சொல்லட்டா? அந்த நாலு வெரலு யாரோடதுன்னு எனக்குத் தெரியும்."

"யாரோடது?" என்று கான்சோ திரும்பினான்.

"சொல்லமாட்டேன். மோதிரம் மட்டும் இன்னும் என் பெட்டில இருக்கு."

ஒரு நிமிஷம் அவனுக்குப் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. கையிலிருந்த மிளகாயை அப்படியே வாயில் போட்டிருந்தான், அது சூடு. விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல், வாயைத் திறந்துகொண்டு, ஹா ஹா என்று ஊதிக்கொண்டே சிரித்தான். கண்ணில் தண்ணீர். மூக்கில் கரி. பனியன் முழுக்கத் தக்காளி. ஒரு கையால் அக்காவைச் சுட்டிக்காட்டி, இன்னொரு கையால் தொடையில் அடித்துக்கொண்டான். அந்த நேரத்தில் பூனை அவன் மடியில் ஏறி இன்னொரு மிளகாயை இழுத்தது. அவன் சிரித்த முகத்தோடு நெத்யால்காவைத் தேடித் திரும்பினான். "கேட்டியாடி இவ சொன்னத!"

நெத்யால்கா கேட்டுக்கொண்டேதான் அழுத்தினாள்.

பிறகு கேமராவின் பின்பக்கத்தை அவனிடம் நீட்டினாள். அவன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான்.

"ஐயையோ. பல்லு இல்லாதது தெரியுது. வயிறு தெரியுது. இத அழி."

"அழிக்கறேன்" என்றாள். அழித்தாள். கோட்டுப் போட்ட ஐந்து படங்களையும், கேமராவில் ஒவ்வொன்றாக, அப்புறம் போனிலும், அவன் பார்க்கும்படி.

"அடியே, அத இல்ல! அது நல்ல படம்டி! ஒண்ணாச்சும் வையி!"

"அது டீச்சர்கிட்ட இருக்கு. மார்க் வாங்காத படம். உனக்கு வேணும்னா போயி கேட்டு வாங்கிக்க." அவள் அவன் முன்னால் வந்து நின்றாள். "இப்ப நான் சொல்றதக் கேளு. நீ நாளைக்குப் போயி திரும்பி வரலன்னு வையி. நான் இதத்தான் ஒட்டுவேன். இந்த வாயி, இந்தப் பனியன், இந்தப் பூனையோட. கேட்டுல, பஸ் ஸ்டாப்புல, ரொட்டிக் கடையில, டிங்கோ அண்ணன் தொங்குன அதே கம்பத்துல. கலர்ல. நாப்பதாம் நாளைக்கு ஒண்ணு, ஆறு மாசத்துக்கு இதவிடப் பெருசா ஒண்ணு."

"மாட்ட."

"பாரு."

"ஊரு சிரிக்கும்டி."

"சிரிக்கட்டும். பிடிக்கலன்னா வந்து கிழி."

பராஷ்கா அக்கா கரண்டியைக் கொப்பரையின் குறுக்கே இழுத்தாள். அடி தெரிந்தது. ஆனால் அதை அவள் சொல்லவில்லை. அவளும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கான்சோ மறுபடி கேமராவை வாங்கினான். ரொம்ப நேரம் பார்த்தான். அழிக்கிற பொத்தான் எது என்று அவனுக்குத் தெரியும். அவள்தான் இப்போது காட்டினாள். அவன் அழுத்தவில்லை.

"நான் சிரிச்சா இப்பிடியா இருக்கேன்?" என்றான்.

"முப்பத்து நாலு வருஷமா இப்பிடித்தான் இருக்க."

"யாரும் சொல்லலியே."

"எடுக்க விட்டாத்தான?"

அவன் கேமராவைத் திருப்பிக் கொடுத்தான். கரி பிடித்த விரலடையாளம் அதன்மேல் பதிந்திருந்தது. அவள் துடைக்கவில்லை. "சரி, அனுப்பு அந்த அம்மாவுக்கு" என்றான். "கால் விழுந்திருக்கான்னு பாத்துட்டு அனுப்பு. அவளுக்குக் கால் முக்கியம்."

நெத்யால்கா படத்தை அனுப்பினாள். வெயில் சரிகிறபோது ஜாடிகளை நிரப்பினார்கள். மூடி இறுக்கி, தண்ணீர் கொதிக்கிற இரும்புப் பீப்பாயில் வேகவைத்து, கம்பளியில் கவிழ்த்து வைத்தார்கள். சூடான மிளகாய்ச் சாந்தை ரொட்டியில் தடவி, மேலே வெள்ளைப் பாலாடைக்கட்டியை உதிர்த்துத் தின்றார்கள். கான்சோ ரகியா என்கிற பழச் சாராய பாட்டிலைப் பார்த்தான். நெத்யால்கா அதைப் பராஷ்கா அக்காவிடம் கொடுத்து, அவன் வருகிறவரைக்கும் உன் வீட்டில் இருக்கட்டும் என்றாள். "அவன் வரதுக்குள்ள இதுல என்ன மிஞ்சும்னு நான் வாக்கு குடுக்க முடியாது" என்றாள் அக்கா. "சீக்கிரம் வந்தா சீக்கிரம் கெடைக்கும்."

அக்கா கிளம்பும்போது கான்சோ அவளை கேட் அருகில் நிறுத்தினான். "அக்கா, நெசமா அந்த மோதிரம்..."

"நீ ஆஸ்பத்திரிலருந்து வந்து கேளு, சொல்றேன்" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

மறுநாள் காலையும் மூடுபனிதான். கறுப்புக் கோட்டு கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. கான்சோ அதை எடுத்து அலமாரிக்குள் மாட்டிவிட்டு, சாம்பல் நிற ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டான். போகிற காரியம் தண்ணீர் மாதிரி தடையில்லாமல் ஓடட்டும் என்று பராஷ்கா அக்கா கேட்டுக்கு வெளியே செப்புப் பாத்திரத்திலிருந்து தண்ணீர் ஊற்றினாள். இரண்டு பேரும் அந்த ஈரத்தை மிதித்து நடந்தார்கள். பஸ் கொஞ்சம் தாமதமாக வந்தது. ஏறி உட்கார்ந்ததும் கான்சோ, டீச்சர் பதில் அனுப்பிவிட்டாரா என்று கேட்டான். இன்னும் வரவில்லை என்றாள் நெத்யால்கா.